யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள்: கொங்கு நாட்டுப் பயணமும் இரவில் பார்த்த படங்களும்

முதல் நாள் – கோயம்புத்தூர்

தை நோம்பி, அதாவது பொங்கல், முடிந்த பிறகு ஒரு வாரம் விடுப்புக் கிடைத்தது. பகலெல்லாம் ஊர் பார்ப்பது, இரவில் ஒரு படம் பார்ப்பது, படுப்பதற்கு முன் இரண்டையும் பற்றி எழுதுவது என்று முடிவு செய்துகொண்டு சென்னையிலிருந்து ரயிலேறினேன். பார்க்க வேண்டிய படங்களை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தேன். சில முன்பே பார்த்தவை, சில பார்க்க வேண்டுமென்று நெடுநாளாகத் தள்ளிப் போட்டவை.

விடியும் நேரத்தில் கோவையில் இறங்கி, பையை விடுதியில் வைத்துவிட்டு முதலில் நடந்து போன இடம் வெரைட்டி ஹால் ரோடு. திருச்சியில் ரயில்வே வேலையிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர். பிறந்த ஊரான கோவைக்குத் திரும்பி 1914-இல் அவர் கட்டிய திரையரங்கின் பெயர்தான் இந்தத் தெருவுக்கு நிலைத்துவிட்டது. கடைகளைத் திறந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்த வேளையில் அந்தத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்தேன். தென்னாட்டில் நிலையான கட்டடத்துக்குள் உட்கார்ந்து படம் பார்க்கும் பழக்கம் தொடங்கிய இடங்களில் இது ஒன்று என்ற நினைப்பே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரவில் ‘மலைக்கள்ளன்’ பார்த்தேன். 1954-இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்து இயக்கிய படம். கதை நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையுடையது, உரையாடல் மு. கருணாநிதி எழுதியது. ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் பெற்ற இந்தப் படம் தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என ஐந்து மொழிகளுக்குப் போனது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் இதன் ஓட்டம் தளரவில்லை. எம்.ஜி.ஆர். மலைக்கள்ளனாகவும் அப்துல் ரஹீம் என்ற வணிகராகவும் மாறி மாறி வரும் இடங்களில் அவர் உடம்பின் நடையே மாறுவதைக் கவனித்தேன். பானுமதியோ எந்தக் காட்சியிலும் யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. நாயகனுக்கு எதிரில் நின்று கண்ணைப் பார்த்துப் பேசுகிற நாயகியைப் பார்க்க இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்தியது. கொங்கு நாட்டுக்காரர் எழுதிய கதையைக் கொங்கு நாட்டு மண்ணிலேயே படமாக்கியிருக்கிறார்கள்; படம் முழுவதும் தேடினாலும் கொங்குப் பேச்சு ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. அந்தக் காலத்துப் படங்கள் எல்லாமே மேடைத் தமிழ் பேசியவைதான், அது தெரியும். தெரிந்திருந்தும், காலையில் டீக்கடையில் ‘சக்கரை எச்சா போடட்டுங்களா’ என்று கேட்டவரின் குரல் காதிலேயே நின்றதால், இந்த மண்ணின் பேச்சு படத்துக்குள் எப்போது, யார் வாயில் வந்தது என்ற கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பயணம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் படம் பார்க்கப் போகிறேன்.

இரண்டாம் நாள் – பொள்ளாச்சி

பொள்ளாச்சிக்குப் பேருந்தில் போகும்போது இரு பக்கமும் தென்னந்தோப்புகள் தொடங்கிவிட்டால் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. தமிழ்ப் படங்களில் ‘பசுமையான கிராமம்’ என்று நாம் மனத்தில் வைத்திருக்கும் படிமத்தில் பாதி இந்த வட்டாரம் கொடுத்தது. ‘தேவர் மகன்’ 1992-இல் இங்கேதான் எடுக்கப்பட்டது. கதை தென்மாவட்ட மனிதர்களுடையது, ஊரும் வீடும் பொள்ளாச்சியினுடையவை. நல்ல படம்தான், இன்றும் அதன் அடர்த்தி குறையவில்லை. ஆனால் வாய்க்காலையும் தோப்பையும் பண்ணை வீட்டையும் கொடுத்த நாட்டிடமிருந்து அதன் பேச்சை மட்டும் சினிமா வேண்டாம் என்று வைத்துவிட்டது என்பதை இங்கே நின்று பார்க்கும்போதுதான் உணர்கிறேன். வேண்டியபோது அந்தப் பேச்சை நகைச்சுவைக்கு எடுத்துக்கொண்டது. உடுமலைக்குப் பக்கத்திலிருந்து வந்த கவுண்டமணியும், சூலூரிலிருந்து வந்த மணிவண்ணனும், கோவை சரளாவும் பேசிப் பேசித்தான் கொங்குத் தமிழ் தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்தது. அவர்கள் மூவரும் பெருங்கலைஞர்கள், அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. இருந்தாலும் ஒரு வட்டாரத்தின் பேச்சு சிரிக்க மட்டுமே பயன்பட்டால், அந்தப் பேச்சில் அழுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

கல்லூரிக் கால நண்பர் வீட்டில் தங்கினேன். அவருடைய அம்மா கொள்ளுப் பருப்பும் பச்சைப்புளி ரசமும் வைத்திருந்தார். ‘ஒறம்பரை வந்திருக்கறப்ப இவ்வளவுதானா செய்யறது’ என்று தாமே தம்மைக் கடிந்துகொண்டார். சாப்பிட்ட பிறகு எல்லோருமாக உட்கார்ந்து ‘மெய்யழகன்’ பார்த்தோம்.

பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வெளிவந்த இந்தப் படம் எனக்கு இரண்டாம் முறை. முதல் முறை பார்த்தது வெளியான வாரத்திலேயே, சென்னைப் புறநகரில் ஒரு திரையரங்கில். கடைசிக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பிக்கொண்டதை நான் மறக்கவில்லை. வெளியான சில நாட்களில் படத்தில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். படம் நீளம், பேச்சு அதிகம் என்று சொன்னவர்களுக்காக அது நடந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொத்துத் தகராறில் தஞ்சாவூரை விட்டுப் போன ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ‘அத்தான்’ என்று வாய்நிறைய அழைத்துக்கொண்டு கூடவே சுற்றுகிற இளைஞனின் பெயர் அவருக்கு நினைவில்லை. கேட்கவும் முடியவில்லை. இந்த ஒரு கூச்சத்தின் மேல் ஒரு முழு இரவைக் கட்டியிருக்கிறார்கள். அந்த இரவு நீளமாகத்தான் இருக்க வேண்டும். உறவுக்காரர்கள் விடிய விடியப் பேசும்போது யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

அரவிந்த்சாமியின் முகத்தில் குற்றவுணர்ச்சி சிறிது சிறிதாகக் கரைவதும், கார்த்தி ஒரு கணமும் ஓயாமல் அன்பைக் கொட்டுவதும் மறுமுறை பார்க்கும்போது இன்னும் பிடித்தன. குறை ஒன்றுண்டு: அந்த இளைஞன் கிட்டத்தட்டக் குறையே இல்லாத மனிதனாக இருக்கிறான். அவனுக்கு ஒரு பொழுதாவது எரிச்சல் வந்திருந்தால் இன்னும் பக்கத்தில் வந்திருப்பான். நண்பரின் அம்மா வேறு விதமாகச் சொன்னார். ‘சொந்தத்துக்குள்ள இப்படி மருவாதியா பேசிக்கிறது நல்லாருக்குங் கண்ணு. சொந்தமில்லாதவங்ககிட்டயும் அந்தப் பையன் இப்படித்தான் பேசுவானாக்கும்?’ அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத் தூக்கம் வர நேரமாயிற்று.

மூன்றாம் நாள் – காங்கேயம்

பல்லடம் வழியாகக் காங்கேயத்துக்கு வந்து, அங்கிருந்து உள்ளே இருக்கும் அத்தையின் தோட்டத்துக்குப் போனேன். இது தென்னந்தோப்புக் கொங்கு நாடு அல்ல. கிளுவை வேலி கட்டிய கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள், வெள்வேல மரங்கள், காய்ந்த கொழுக்கட்டைப் புல், அதற்குள் தலை நிமிர்ந்து நிற்கும் காங்கேயம் மாடுகள். சிறுவயதில் பள்ளி விடுமுறையெல்லாம் இங்கேதான் கழிந்தது. சினிமா இந்த நிலத்தை அதிகம் காட்டியதில்லை. பச்சை இல்லாத ஊரைக் கிராமம் என்று நம்பத் திரைப்படத்துக்கு நெடுநாளாயிற்று.

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேண்டும். ஆட்டுப்பட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எழுபதைத் தாண்டியவர், நான் குழந்தையாக இருந்தபோதே இங்கே வேலை செய்தவர். கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ‘ஏனுங் சாமி, எப்ப வந்தீங்க, ஊர்ல மழையெல்லாம் உண்டுங்களா’ என்று விசாரித்தார். நானும் நலம் கேட்டேன். அத்தையின் பேரனுக்குப் பத்து வயது. அவன் ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்தபடி அந்தப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘குட்டிய அவுத்து உடு’ என்றான். அவன் குரலில் கோபமோ திமிரோ இல்லை. என்னிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ போடுகிற, நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்லுகிற பையன். பெரியவரும் ‘சரிங் சாமி’ என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வயதில் நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பேன்.

மாலையில் பையன்கள் அறுவடை முடிந்த காட்டில் ரப்பர் பந்தில் கிரிக்கெட் ஆடினார்கள். அதனால் இரவில் ‘லப்பர் பந்து’ போட்டோம். தமிழரசன் பச்சமுத்து இயக்கிய இந்தப் படமும் 2024 செப்டம்பரில் வந்ததுதான். மட்டை வீச்சில் பெயர் பெற்ற நடுவயதுக்காரர் ஒருவருக்கும், அவரை வீழ்த்தும் இளம் பந்து வீச்சாளனுக்கும் உள்ள பகை. அந்த இளைஞன் காதலிப்பது அவருடைய மகளை. ‘அட்டகத்தி’ தினேஷ் வயதான ஒரு நாயகனின் வீம்பை இவ்வளவு அழகாகச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டிராக்டரை ஓட்டி வந்து ஆடுகளத்தை உழுதுவிடுகிற யசோதாவாக வரும் சுவாசிகாவைப் பார்த்து அத்தை கைதட்டினார். சாதியால் ஓர் ஆட்டக்காரனை அணிக்குள் சேர்க்காமல் வைப்பதையும் படம் பேசுகிறது. குரலை உயர்த்தாமல், ஆட்டத்துக்குள்ளேயே வைத்துப் பேசுகிறது. அந்தக் காட்சிகள் வந்தபோது பையன்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். மாமா மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

நான்காம் நாள் – கோபிசெட்டிபாளையம்

கோபிக்குப் போகிறவர்கள் கொடிவேரிக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். பவானி ஆறு தடுப்பின் மேல் வழிந்து விழுவதையும், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிந்து போவதையும் பார்த்துவிட்டு, மீன் வறுக்கும் வாசனைக்கு நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த வட்டாரத்தில் எடுக்கப்பட்ட படங்களைப் பட்டியல் போடுவதில் இங்குள்ளவர்களுக்குச் சலிப்பே இல்லை. பக்கத்து வெள்ளாங்கோயில்காரரான பாக்யராஜைப் பற்றி ஆட்டோ ஓட்டுநர் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆனால் இன்று எழுத வேண்டியது வாழைத்தார் ஏலத்தைப் பற்றி. கதளியையும் நேந்திரனையும் எடை போட்டுக் கிலோவுக்கு விலை வைக்கிறார்கள். பூவன், செவ்வாழை, தேன்வாழை போன்றவற்றைத் தாருக்கு இவ்வளவு என்று ஏலம் விடுகிறார்கள். ஏலம் முடிந்த தார்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவரை நான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் மடித்துப் போட்ட சாக்கு. தாரைத் தூக்கும்போது காம்பை ஒரு கை பிடிக்கிறது, அடியை மறுகை தாங்குகிறது, முழங்கால் ஒருமுறை மடிந்து நிமிர்கிறது. ஒரு காய்கூட உதிரவில்லை. அவருடைய சட்டையின் வலப்பக்கம் தோள் முதல் இடுப்பு வரை கறுப்பாக இருந்தது. வாழைக்கறை. துவைத்தால் போகாது. ‘கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போற சட்டையில ஒரு சொட்டுப் பட்டாலும் அது அப்பறம் வேலைக்குப் போற சட்டைதாங்க’ என்றார்.

அந்தச் சட்டையைப் பார்த்த கண்ணோடு ‘வாழை’ பார்த்தேன். மாரி செல்வராஜ் தம் சிறுவயதில் நடந்ததை அடிப்படையாக வைத்து எடுத்து, 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியிட்ட படம். தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், பள்ளி இல்லாத நாட்களில் தார் சுமக்கப் போக வேண்டிய சிவனைந்தன் என்ற சிறுவனின் கதை. பள்ளிக்கூடம் அவனுக்கு விளையாட்டுமைதானம், கனவு, எல்லாம். சனி ஞாயிறுதான் தண்டனை. நமக்கெல்லாம் நேர்மாறாக இருந்த ஒன்றை இப்படித் திருப்பி வைத்த அந்த ஒரு எண்ணத்துக்காகவே இயக்குநரை வணங்கலாம். சிறுவர்கள் இருவரும் ரஜினிக்கும் கமலுக்குமாகச் சண்டை போடுவது, சேற்றில் வரிசையாகத் தலைச்சுமையோடு நடப்பது, தாருக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டுத் தொழிலாளர்கள் நிற்பது ஆகியவற்றை எடுத்தவர் அந்தச் சுமையைத் தாமே சுமந்தவர் என்று சொல்லாமலே தெரிகிறது. கூலியைக் கூட்டிக் கொடுத்தவர்கள், அந்தச் செலவை ஈடுகட்ட ஆட்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏறிப் போகச் சொல்லும் இடத்தில் என் கை சில்லிட்டுவிட்டது. பசி தாங்காமல் ஒரு பழம் பறித்ததற்காக அந்தச் சிறுவன் அடி வாங்குகிறான். நாள் முழுக்க எத்தனை தார் சுமந்த தோள் அது!

எல்லாமே எனக்கு உகந்ததாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிரியை மீது சிறுவனுக்குள்ள பிரியத்தைக் காட்டும் பகுதிகள் இனிமையானவை, ஆனால் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசியில் இசையும் ஒப்பாரியும் சேர்ந்து நம்மை அழ வைக்க முயல்வது தேவையில்லாதது. அதற்கு முன்பே அழுதுவிட்டிருந்தேன். கொங்கு நாட்டு ஏலக் களத்தில் தார் ஏற்றுகிறவரின் கதையை யாரும் இன்னும் எடுக்கவில்லையே என்ற ஆதங்கமும் கூடவே வந்தது. தாமிரபரணிக் கரைக்கு அதன் பிள்ளையே வந்து படம் எடுத்தார். பவானிக் கரை காத்திருக்கிறது.

ஐந்தாம் நாள் – ஈரோடு

மஞ்சள் வெட்டு தொடங்கிவிட்ட காலம். வழியில் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டிருந்தார்கள். ஈரோட்டில் பார்க்கப் பெரிதாக எதையும் திட்டமிடவில்லை. வெயிலில் அலைந்து, பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்கி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறையெடுத்துப் படுத்துவிட்டேன்.

‘கொட்டுக்காளி’யும் ‘வாழை’ வெளியான அதே நாளில் திரைக்கு வந்த படம். அதனாலேயே பலர் கண்ணில் படாமல் போனது என்று நினைக்கிறேன். வினோத்ராஜ் இயக்கத்தில் சூரி, அன்னா பென் நடித்தது, பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. வேறு சாதிப் பையனை விரும்பிவிட்ட மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பம் முழுக்க ஒரு சேவலையும் கூட்டிக்கொண்டு, சாமியாடி ஒருவரிடம் அவளை அழைத்துப் போகிறது. படமே அந்தப் பயணம்தான். பின்னணி இசை இல்லை. அறைக்கு வெளியே பேருந்துகளின் ஆரன் சத்தம் ஓயாததால், படத்தில் கேட்கிற வண்டிச் சத்தம் எது, ஈரோட்டுச் சத்தம் எது என்று பல இடங்களில் எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. இரண்டு முறை எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். பிறகு திறந்தே வைத்துவிட்டேன்.

மீனா கிட்டத்தட்ட ஒன்றுமே பேசுவதில்லை. அவளைச் சுற்றியுள்ளவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவளை மணக்க இருக்கும் பாண்டிக்குத் தொண்டை கட்டிக் குரல் கரகரத்துப் போயிருக்கிறது, கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். அந்தக் கட்டிய தொண்டையோடு அவன் கத்திக்கொண்டு எல்லோரையும் அடிக்கும் காட்சியை என்னால் முழுமையாகப் பார்க்க முடியவில்லை. ஒரு காளை பாதையை மறித்துக்கொண்டு நிற்க, அத்தனை ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கும்போது, ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு போகிறாள். காங்கேயத்துக் கட்டுத்தரையில் அத்தை செய்வதும் இதுவே. ‘ங்க’ போட்டுப் பேசுவதோ போடாமல் பேசுவதோ இருக்கட்டும், பேசவே மாட்டேன் என்று ஒரு பெண் முடிவெடுத்துவிட்டால் அவளைச் சுற்றியிருக்கும் பேச்செல்லாம் எப்படிக் குலைந்து போகிறது என்பதை இந்தப் படம்போல் வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை. மெதுவான படம் என்பார்கள். அந்த மெதுவுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் கூட்டிப் போகிற பாதை அவளுக்கு அவ்வளவு நீளம்.

ஆறாம் நாள் – திருச்செங்கோடு

மலையேறி அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டேன். படிகளில் ஏறினால் ஆயிரத்துக்கு மேல். மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே பார்த்தால் மேட்டுக்காடுகளும் பாறைகளும் லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுமாக ஊர் விரிந்து கிடந்தது. இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவர்தான் எழுத்தாளர் பெருமாள்முருகன். அவருடைய ‘வறுகறி’ என்ற கதையை வைத்துத் தமிழ் என்ற இயக்குநர் எடுத்த ‘சேத்துமான்’ படத்தை இந்த ஊரில் வைத்துத்தான் பார்ப்பது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன். பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் தயாரித்து, 2022 மே மாதம் இணையத்தில் நேரடியாக வெளிவந்தது.

கூடை முடைந்து பிழைக்கும் பூச்சி என்ற முதியவர், தாய் தகப்பனில்லாத பேரன் குமரேசனைப் படிக்க வைத்து ஆளாக்கிவிட வேண்டும் என்று நினைக்கிறார். அவர் வேலைக்குப் போகும் நிலக்காரரான பண்ணாடி வெள்ளையனுக்குப் பன்றிக்கறி மேல் ஆசை. ஊரில் அவர் சாதிக்காரர்கள் பன்றிக்கறி தின்பதைக் கேவலமாக நினைப்பவர்கள். வீட்டில் மனைவி வாசல்படி ஏற்ற மாட்டாள். எனவே பன்றியைத் தேடுவதும் விலை பேசுவதும் பிடிப்பதும் வறுப்பதும் ஊருக்கு வெளியே, பூச்சியின் கையாலேயே நடக்க வேண்டும். இவ்வளவுதான் கதை. ஒரு பன்றியின் விலைக்கும் அதைப் பங்கு போடுவதற்கும் நடக்கும் பேரத்துக்குள் ஊரின் அத்தனை அடுக்குகளும் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன. முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

பேச்சுதான் என்னை உலுக்கியது. படம் தொடங்கியதிலிருந்து முடியும் வரை கொங்குத் தமிழ்தான். சிரிப்பதற்காக அல்லாத கொங்குத் தமிழ். ‘ஏனுங்’ என்பதும் ‘சாமி’ என்பதும் ‘சொல்லுங்க பண்ணாடி’ என்பதும் சொல்லுகிறவரின் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதோடு சேர்ந்தே காதில் விழுகின்றன. எங்கள் பக்கத்துப் பேச்சு மரியாதையானது, இனிமையானது என்று எல்லோரும் சொல்லிக் கேட்டு, நானும் சென்னையில் பெருமையோடு அதைச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த மரியாதை கீழேயிருந்து மேலே போகும்போது ‘ங்க’வாகவும், மேலேயிருந்து கீழே வரும்போது வெறும் பெயராகவும் இருக்கிறது என்பதை என் சொந்தக் காதால் ஐந்து வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு திரைப்படம் அதைத் திரும்பச் சொல்லிக் காட்டிய பிறகுதான் எனக்குக் கேட்டது. பேரன் குமரேசனின் எதிரிலேயே தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவன் முகத்தைப் பார்த்தபோது நான் நினைத்தது காங்கேயத்து ஆசாரத்தில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையனை. அந்தப் பெரியவருக்கும் பேரப் பிள்ளைகள் இருப்பார்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்களைப் பற்றி நான் ஒருமுறைகூட விசாரித்ததில்லை.

படமாக்கத்திலும் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை. சில துணைக் கதாபாத்திரங்களின் நடிப்பில் அரங்கேற்றத்துக்கு முந்தைய தயக்கம் தெரிகிறது. தொலைக்காட்சிச் செய்திகள் வழியாக நாட்டு நடப்பைச் சுட்டும் இடங்கள் சற்று வெளிப்படையானவை. ஆனால் தாத்தாவும் பேரனும் சைக்கிளிலும் நடையிலுமாகப் போகிற காட்சிகளில் இந்த மேட்டுக்காட்டின் வெளிறிய மண்ணும் வெயிலும் அப்படியே இருக்கின்றன. காலையில் மலை மேலிருந்து நான் பார்த்த நிறம் அது. பொள்ளாச்சிப் பச்சையில் அரை நூற்றாண்டாக ஊர்க்கதை பார்த்த கண்ணுக்கு இந்த நிறத்தைப் பழக்குவது பெரிய காரியம். பிந்து மாலினியின் இசை தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வந்து ஒதுங்கிவிடுகிறது.

நள்ளிரவுக்குப் பிறகும் தூங்காமல், அத்தைக்குப் படத்தின் பெயரை எழுதி, கட்டாயம் பாருங்கள் என்று செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, சரியாகத்தான் செய்தேனா என்று நெடுநேரம் யோசித்தேன்.

ஏழாம் நாள் – சேலம்

இன்று எழுதுவதற்கு அதிகமில்லை. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்துக்கு ஏற்காடு சாலையில் போனேன். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் உருவான இடம். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் இந்த நிறுவனத்திலிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் வந்ததும் இங்கிருந்துதான். இப்போது நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே வீடுகள். வளைவின் நிழலில் நின்று, அங்கே எடுத்த ‘மந்திரி குமாரி’யின் சில காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்தேன். 1950-இல் வந்த படம். கணவன் தன்னைக் கொல்லத்தான் மலையுச்சிக்குக் கூட்டி வந்திருக்கிறான் என்று அறிந்த பெண் என்ன செய்கிறாள் என்பது குண்டலகேசியிலிருந்து வந்த கதை. அந்தக் காட்சியில் மாதுரி தேவியின் கண்ணில் பயம் போய் முடிவு வந்து நிற்கும் கணம் இன்னும் புதிதாகவே இருக்கிறது.

ரயிலுக்குக் காத்திருக்கும்போது அத்தை கூப்பிட்டார். ‘சேத்துமான்’ படத்தைப் பாதி வரைக்கும் பார்த்ததாகச் சொன்னார். ‘நம்மாட்டவே பேசறாங்க கண்ணு’ என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மீதியைப் பொழுதோட மாமாவையும் பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.